கல்லின் சாட்சியம்: எண்ணெய்க் களிப்பாறையில் எஞ்சிய தொல்லுயிர்த் தடங்கள்

மதுரை மாசி வீதிகளின் நாட்டு மருந்துக் கடைகளில் இந்துப்பு என்று கேட்டால், இளஞ்சிவப்பு நிறத்தில் ஓர் உப்புக் கட்டியை எடுத்துத் தருவது நெடுங்கால வழக்கம். சிந்து நிலத்து உப்பு என்பதே அப்பெயரின் பொருள். இன்று பாகிஸ்தானின் எல்லைக்குள் இருக்கும் பஞ்சாப் உப்பு மலைத்தொடரும், அதன் நடுவே அமைந்த கெவ்ரா சுரங்கமும் அவ்வுப்பின் புகழ்பெற்ற பிறப்பிடங்கள். செரிமானத்திற்காக நாம் வாங்கும் இந்தக் கட்டி எந்தக் காலத்துக் கடலின் எச்சம் என்பது குறித்து, 1940களில் இந்திய அறிவியலாளர்களிடையே ஒரு பெரும் வழக்கு நடந்தது. ஒரு சாரார் சுமார் ஐந்து கோடி ஆண்டுகள் என்றனர். மறு சாரார் ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் மேல் என்றனர். இரு சாராரும் சாட்சிக்கு அழைத்தது கல்லைத்தான். அவ்வுப்பு அடுக்குகளோடு இணைந்து கிடக்கும் எண்ணெய்க் களிப்பாறையும் அச்சாட்சிகளுள் ஒன்று.

கல் சாட்சி சொல்லுமா? சொல்லும் எனில், அச்சாட்சியை ஏற்பதற்கும் மறுப்பதற்கும் அளவுகோல் யாது? ஹதீஸ் கலையைக் கற்பிப்பதையே வாழ்க்கையாகக் கொண்ட ஒருவனுக்கு இக்கேள்வி அந்நியமானதன்று. அறிவிப்பாளர் தொடரை எடைபோடப் பழகிய கண்ணோடு இந்த அறிவியல் வரலாற்றைப் படித்தபோது எனக்குக் கிடைத்த சில தெளிவுகளையும், நானே செய்த ஒரு பிழையையும் வாசகர் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எரியும் கல்

ஆயில் ஷேல் என்று புவியியலார் வழங்கும் எண்ணெய்க் களிப்பாறை, பெயர் சொல்வதுபோல் எண்ணெய் ஊறும் பாறையன்று. பழைய ஏரி அல்லது கடலின் அடியில், காற்றுப் புகாத சேற்றில், பாசிகளும் நுண்ணுயிர்களும் மடிந்து படிந்தன. அச்சேறு இறுகிக் கல்லாயிற்று. அதனுள் அடங்கிய உயிர்ப்பொருள் கெரோஜன் எனப்படும் திண்பொருளாக மாறிற்று. போதிய வெப்பம் கிட்டியிருந்தால் கெரோஜன் உருகிப் பெட்ரோலியமாகியிருக்கும். கிட்டாமையால் கல்லோடு கல்லாக நின்றுவிட்டது. ஆகவேதான் இக்கல்லை நெருப்பிலிட்டால் எரிகிறது. காற்றில்லாக் கலத்தில் வைத்துச் சூடேற்றினால் எண்ணெய் கசிகிறது.

இஸ்லாமிய வரலாறு இக்கல்லை அறியாததன்று. ஜெரூசலத்திலிருந்து எரிக்கோ செல்லும் வழியில், மம்லூக் சுல்தான் பைபர்ஸ் 1269ஆம் ஆண்டு எழுப்பிய நபி மூஸா (அலை) நினைவிடம் உள்ளது. அதைச் சூழ்ந்த குன்றுகளின் கருங்கற்கள் எண்ணெய்ச் சத்து மிக்கவை. யாத்திரிகர்கள் அவற்றைப் பொறுக்கி அடுப்பெரித்த செய்தியைப் பயணிகள் பலர் பதிந்துள்ளனர். பெத்லகேம் கைவினைஞர்கள் அதே கல்லில் சிறு கலைப்பொருட்களைச் செதுக்கி விற்றனர். யோர்தான் நாட்டில் இதே வகைப் பாறை பரந்து கிடக்கிறது. சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீத் 1900இல் அறிவித்து, இந்திய முஸ்லிம்களும் நன்கொடை அளித்து, 1908இல் மதீனாவை எட்டிய ஹிஜாஸ் இரயில்பாதையின் எஞ்சின்களுக்கு, முதல் உலகப் போரின் எரிபொருள் பஞ்சத்தில், யர்மூக் பள்ளத்தாக்கின் எண்ணெய்க் களிப்பாறை உதவிற்று. ஏறத்தாழ ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் மிதந்த நுண்ணுயிர்களின் கொழுப்பு, அந்த இரும்புப் பாதையில் ஆவியாகிப் போனது.

கல்லைக் கொண்டு பழங்காலத்தை வாசிக்கும் கலைக்கும் நம் முன்னோரிடம் வேர் உண்டு. அல்பிரூனீ (973–1048) தமது ‘தஹ்கீக் மா லில்ஹிந்த்’ நூலில், மலையடிவாரத்தில் பெரிய உருண்டைக் கற்களும், சற்றுத் தொலைவில் சிறு கற்களும், இறுதியில் மணலும் கிடப்பதைக் கண்டு, இந்தியச் சமவெளி ஒரு காலத்தில் கடலாயிருந்து ஆற்று வண்டலால் தூர்ந்தது என்று முடிவு கூறினார். ‘தஹ்தீத்’ என்னும் மற்றொரு நூலில், அரபுப் பாலையில் கிணறு தோண்டும்போது சிப்பிகள் கிடைப்பதைச் சான்றாகக் காட்டி, அப்பாலையும் கடலாயிருந்தது என்றார். இப்னு ஸீனா (980–1037) ‘அஷ்ஷிஃபா’வில் களிமண் இறுகிக் கல்லாகும் முறையை விளக்கினார். அப்பகுதி இலத்தீனில் பெயர்க்கப்பட்டு, நெடுங்காலம் அரிஸ்டாட்டிலின் எழுத்தென்றே ஐரோப்பாவில் கருதப்பட்டது. இவர்கள் கண்ட சான்று கண்ணுக்குப் புலப்படும் வடிவம்: சிப்பி, உருண்டைக்கல், மணல். வடிவமே இல்லாத உயிர்ச்சான்று ஒன்று கல்லினுள் இருக்கிறது என்பது இருபதாம் நூற்றாண்டின் கண்டுபிடிப்பு. அதற்கு முன், வடிவச் சான்று எவ்வாறு ஒரு பேரறிஞரையே வழிதவறச் செய்தது என்பதைப் பார்ப்போம்.

உப்பு மலை வழக்கு

பேராசிரியர் பீர்பல் சாஹ்னி 1891இல் உப்பு மலைத்தொடருக்கு அண்மையிலுள்ள பேரா என்னும் ஊரில் பிறந்தவர். தொல்தாவரவியலில் உலகப் புகழ் ஈட்டியவர். 1936இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்வு பெற்றவர். உப்பு அடுக்குகளுக்கு மேலே, ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட கேம்பிரியக் காலத்து உயிரினப் படிவங்களைக் கொண்ட பாறைகள் இருக்கின்றன. மேலிருப்பது இளையது, கீழிருப்பது மூத்தது என்னும் பொதுவிதிப்படி, உப்பு அதனினும் மூத்ததாதல் வேண்டும். ஆனால் சாஹ்னியும் அவருடைய துணைவர்களும் உப்பையும், அதனோடு கிடந்த சுண்ணக் கற்களையும், எண்ணெய்க் களிப்பாறையையும் கரைத்து நுண்ணோக்கியில் பார்த்தபோது, பூக்கும் தாவரங்களின் மரத்துணுக்குகளும் பூச்சிகளின் உடற்துணுக்குகளும் தென்பட்டன. கேம்பிரியக் காலத்தில் நிலத்தில் மரமும் இல்லை, பூச்சியும் இல்லை. ஆகவே உப்பு இயோசீன் காலத்தது, மேலிருக்கும் மூத்த பாறை நிலநடுக்க விசையால் பின்னாளில் தள்ளப்பட்டு அதன்மேல் ஏறி அமர்ந்தது என்று அவர் வாதிட்டார். 1944ஆம் ஆண்டு முதல் இது குறித்துத் தனிக் கருத்தரங்குகள் நடந்தன. 1945இல் ‘நேச்சர்’ இதழிலும் அவர் கருத்து வெளிவந்தது.

களத்தில் அடுக்குகளை அளந்த புவியியலாளர் பலர் இதை ஏற்கவில்லை. பின்னர் வந்த ஆழ்துளைகளும் நிலஅதிர்வு ஆய்வுகளும் அவர்கள் பக்கமே நின்றன. அவ்வுப்பு கேம்பிரியத்தின் தொடக்கத்தையும் அதற்குச் சற்று முந்திய காலத்தையும் சார்ந்தது என்பதே இன்றைய முடிவு. அப்படியானால் சாஹ்னி கண்ட மரத்துணுக்குகள்? அவை உண்மையான துணுக்குகளே. அவற்றை இனங்கண்டதிலும் அவர் தவறவில்லை. ஆனால் அவை அந்தக் கல்லுக்கு உரியவையல்ல. நீரில் கரைந்து மீண்டும் உறைவது உப்பின் இயல்பு. வெடிப்புகளின் வழியே நீரும் தூசியும் கல்லினுள் நுழைவது எளிது. பின்னாளில் வந்து கலந்தவை முதலிலேயே இருந்தவைபோல் தோன்றின.

ஹதீஸ் மாணவர் இதற்கொரு பெயர் அறிவர்: முத்ரஜ். அறிவிப்பாளர் ஒருவர் விளக்கமாகச் சொன்ன சொல், மூல வாசகத்தோடு இணைந்து, கேட்பவருக்கு மூலத்தின் பகுதியாகவே தோன்றிவிடுவது. கதீபுல் பக்தாதீ (ரஹ்) இவ்வகை இடைச்சேர்க்கைகளைப் பிரித்தெடுப்பதற்கென்றே ஒரு தனிநூல் எழுதினார். சொல்லில் பொய் இருக்க வேண்டியதில்லை. அது இருக்கும் இடம் பொய்யாயிருந்தால் போதும்.

சாஹ்னியின் மதிப்பு இதனால் குறையவில்லை. 1949 ஏப்ரல் 3ஆம் நாள் இலக்னோவில் அவர் கனவுகண்ட தொல்தாவரவியல் நிறுவனத்திற்குப் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். ஒரு வாரத்தில் சாஹ்னி மறைந்தார். அந்நிறுவனம் இன்றும் அவர் பெயரால் நிற்கிறது. நம்பகமானவரும் பிழைப்பதுண்டு என்பதை ஏற்றுக்கொண்டவர்களிடத்தில்தான் அறிவுத்துறை தழைக்கும்.

பச்சையத்தின் எலும்புக்கூடு

இலக்னோவில் நுண்ணோக்கி வழி வடிவங்கள் தேடப்பட்ட காலத்திற்குச் சற்று முன்னரே, ஜெர்மனியின் மியூனிக் நகரில் வேறொரு வாயில் திறந்திருந்தது. இரத்தத்தின் சிவப்புப் பொருளையும் இலையின் பச்சையத்தையும் ஆய்ந்து 1930இல் நோபல் பரிசு பெற்ற ஹான்ஸ் ஃபிஷரின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியவர் ஆல்ஃபிரட் டிரைப்ஸ். இவர் 1934இல், எண்ணெய்க் களிப்பாறை, பெட்ரோலியம், நிலக்கீல் ஆகியவற்றிலிருந்து போர்ஃபிரின் என்னும் நிறப்பொருளைப் பிரித்தெடுத்தார். பச்சையத்தின் நடுவிலிருக்கும் வளைய வடிவச் சட்டகமே போர்ஃபிரின். உயிருள்ள இலையில் அதன் மையத்தில் மக்னீசியம் இருக்கும். கல்லிலிருந்து கிடைத்ததில் மக்னீசியம் போய், வனேடியம் அமர்ந்திருந்தது. வால் போன்ற ஒரு தொடரும் கழன்றிருந்தது. ஆயினும் சட்டகம் அதுவே.

பெட்ரோலியம் உயிர்களிலிருந்து வந்ததா, பூமியின் ஆழத்தில் உலோகங்களும் நீரும் வினைபுரிந்து உண்டானதா என்று அதுவரை வாதம் இருந்தது. டிரைப்ஸின் கண்டுபிடிப்பு அவ்வாதத்தில் உயிரின் பக்கம் வலுவான சான்றாயிற்று. கடும் வெப்பத்தில் போர்ஃபிரின் சிதைந்துவிடும். ஆகவே எண்ணெய் உருவானது மிதமான வெப்பத்தில்தான் என்பதும் அதனால் விளங்கிற்று.

கழன்ற வாலும் வீணாகவில்லை. இருபது கரிம அணுக்கள் கொண்ட அத்தொடர், சேற்றில் உயிர்வாயு இல்லாதபோது ஃபைட்டேன் ஆகவும், உயிர்வாயு ஓரளவு இருந்தால் ஓர் அணு குறைந்து பிரிஸ்டேன் ஆகவும் மாறுவதே பெரும்பாலும் வழக்கம். இவ்விரண்டின் விகிதம் அந்தப் பழங்கடலின் அடியில் காற்று இருந்ததா என்பதற்கு ஒரு குறிப்பு. அவ்வாறே நம் உடலில் இருக்கும் கொலஸ்டிராலின் நான்கு வளையச் சட்டகம், கல்லில் ஸ்டெரேன் என்னும் பொருளாக எஞ்சுகிறது. பாக்டீரியாக்களின் மென்சவ்வை வலுப்படுத்தும் பொருள் ஹோப்பேன் ஆகிறது. எளிதில் வினைபுரியும் பகுதிகள் உதிர்ந்துபோக, கரிமச் சட்டகம் மட்டும் நிலைக்கிறது. தசை அழிந்து எலும்பு எஞ்சுவதைப் போன்றது இது. அமெரிக்காவின் கிரீன் ரிவர் களிப்பாறை சுமார் ஐந்து கோடி ஆண்டுப் பழமையுடையது. அதனை 1960களில் ஆராய்ந்த ஜெஃப்ரி எக்ளின்டனும் மெல்வின் கால்வினும் இவற்றுக்கு வேதிப் புதைபடிவங்கள் என்று பெயரிட்டு 1967இல் எழுதினர்.

கீழடியின் கரித்துண்டுகளுக்குக் காலம் கணித்த கதிரியக்கக் கரிம முறை ஏறத்தாழ ஐம்பதாயிரம் ஆண்டுகளுக்கு அப்பால் செல்லாது என்பதை வாசகர் நினைவிற் கொள்க. வேதிப் புதைபடிவம் காலத்தைக் கணிப்பதைவிட, யார் வாழ்ந்தார், எத்தகைய நீரில் வாழ்ந்தார், எவ்வளவு வெப்பம் பட்டார் என்பதையே முதன்மையாகச் சொல்கிறது. பாறையின் வயதை வேறு வழிகளில் அறிய வேண்டும்.

பாகேவாலாவும் உமானும்

இவ்வறிவு உப்பு மலை வழக்கின் பக்கத்து நிலத்திற்கே வந்து சேர்ந்தது ஒரு சுவையான வரலாறு. இராஜஸ்தானின் பீகானேர்–நாகௌர் படுகை, எல்லைக்கு அப்பால் பஞ்சாபின் நிலத்தடியாக உப்பு மலையை நோக்கித் தொடர்வது. அப்படுகையில், ஜெய்சால்மர் மாவட்டத்துப் பாகேவாலாவில், ஆயில் இந்தியா நிறுவனம் 1991இல் மிகக் கெட்டியான எண்ணெயைக் கண்டது. அது எப்பாறையில் பிறந்தது? கென்னத் பீட்டர்ஸும் அவருடன் ஆய்ந்தோரும் அவ்வெண்ணெயின் வேதிப் புதைபடிவங்களைப் பரிசோதித்து 1995இல் முடிவை வெளியிட்டனர்.

நிலத்து மரஞ்செடிகளின் தடயம் அதில் இல்லை. பாசியும் பாக்டீரியாவுமே அதன் மூதாதையர். சுண்ணாம்புச் சேறு படிந்த, உயிர்வாயு அற்ற கடலடி அதன் பிறப்பிடம். முப்பது கரிம அணுக்கள் கொண்ட ஒரு தனிவகை ஸ்டெரேன், கேம்பிரியத்தை ஒட்டிய காலத்துப் பாறைகளிலேயே மிகுந்து காணப்படுவது, அதில் மிகுந்திருந்தது. இவை யாவும் அந்த எண்ணெய் கேம்பிரியத்தின் எல்லையில், ஏறத்தாழ ஐம்பத்தைந்து கோடி ஆண்டுகளுக்கு முன் படிந்த பாறையில் தோன்றியது என்று காட்டின. அதற்கு மிக நெருங்கிய உறவாகத் தென்பட்டது உமான் நாட்டின் ஹுக்ஃப் பாறைகளிலிருந்து வந்த எண்ணெய். இன்று அரபிக்கடல் பிரிக்கும் இவ்விரு நிலங்களும், அக்காலத்தில் கோண்டுவானா பெருங்கண்டத்தின் ஒரே விளிம்பில் அண்டை அயலாக இருந்தவை. உமானிலும் பஞ்சாபிலும் ஈரானின் ஹுர்முஸிலும் கிடக்கும் பழைய உப்பு அடுக்குகள் அவ்விளிம்பில் வற்றிய கடல்களின் எச்சங்கள்.

சாஹ்னியின் கல்லில் மரத்துணுக்கு இருந்தது. அவ்வுப்புக் கடல்களின் காலத்து எண்ணெயிலோ நிலத்து மரத்தின் வேதித்தடம் இல்லை. இரண்டு சாட்சிகளின் கூற்றையும் ஒப்பிடுவோர்க்கு எது இடைச்சேர்க்கை என்பது விளங்கும்.

ஆயினும் இச்சாட்சியத்திலும் ஒரு நுட்பம் உண்டு. மேற்சொன்ன தனிவகை ஸ்டெரேனை உமானின் பழம்பாறைகளில் கண்ட கோர்டன் லவ் குழுவினர், 2009இல், அது கடற்பஞ்சு உயிரிகளின் தடயம் என்றும், அறுபத்துமூன்று கோடி ஆண்டுகளுக்கு முன்பே விலங்கினம் தோன்றிவிட்டது என்றும் அறிவித்தனர். கடற்பஞ்சு அல்லாத ஒருசெல் உயிரிகளும் அதன் மூலப்பொருளை உண்டாக்குகின்றன என்று 2019இலும், பாசிகளின் கொழுப்பே நிலத்தடியில் அவ்வாறு மாறக்கூடும் என்று 2021இலும் மறுப்புகள் வந்தன. இங்கே பொருள் அக்கல்லுக்கே உரியதா என்பதில் தகராறு இல்லை. அது யாரைச் சுட்டுகிறது என்பதில்தான் கருத்து வேறுபாடு. நம் கலைச்சொல்லில் கூறுவதாயின், ஸனது உறுதி, தலாலத்தில்தான் சர்ச்சை. இவ்விரண்டையும் பிரித்தறியாமல் ஒன்றை ஏற்பதும் மறுப்பதும் அறிவுடைமையாகாது.

நான் திருத்திக்கொண்ட பாடம்

இனி என் பிழைக்கு வருகிறேன். 1999இல், ஆஸ்திரேலியாவின் பில்பரா பகுதியில் 270 கோடி ஆண்டுப் பழமையான களிப்பாறையில் ஸ்டெரேன்கள் கண்டறியப்பட்டதாக யோகன் பிராக்ஸும் துணைவர்களும் ‘சயன்ஸ்’ இதழில் அறிவித்தனர். ஸ்டெரேனின் மூலப்பொருளை உயிர்கள் ஆக்குவதற்கு உயிர்வாயு தேவை. வளிமண்டலத்தில் உயிர்வாயு மிகுந்ததோ 240 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான் என்பது பொதுக் கருத்து. ஆகவே இச்செய்தி பெரும் வியப்பைத் தந்தது. அப்போது முப்பது வயதை எட்டியிருந்த நான், ஒரு பத்திரிகைக் குறிப்பில் அதைப் படித்துவிட்டு, அறிவியல் வரலாறு பற்றிய வகுப்பொன்றில் முடிந்த முடிவாக மாணவர்களுக்குச் சொன்னேன். சிம்மக்கல்லில் நடந்த ஒரு சிறு கூட்டத்திலும் அதையே பேசினேன். கைதட்டல் கிடைத்தது.

பல ஆண்டுகள் கழித்து, அவ்வகுப்பில் அமர்ந்திருந்து பின்னர் பள்ளியில் வேதியியல் ஆசிரியரான ஒருவர் மாவட்ட மைய நூலக வாயிலில் என்னைச் சந்தித்தார். ஸலாம் கூறி நலம் விசாரித்தபின், “ஹழரத், நீங்கள் அன்று சொன்ன அந்த ரிவாயத் ளயீஃப் ஆகிவிட்டது, தெரியுமா?” என்றார். நான் அறிந்திருக்கவில்லை.

நடந்தது இது. 2008இல் ‘நேச்சர்’ இதழில் ஒரு மறு ஆய்வு வந்தது. அதே பாறையில் பெயர்க்க முடியாதபடி உறைந்திருந்த கரிமப் பொருளின் ஐசோடோப்பு விகிதத்தையும், அதிலிருந்து பிரித்தெடுத்த ஸ்டெரேன் முதலிய எண்ணெய்ப் பொருள்களின் விகிதத்தையும் ஒப்பிட்டனர். இரண்டும் பெரிதும் வேறுபட்டன. எண்ணெய் அக்கல்லின் சொந்தப் பிள்ளையன்று, பின்னாளில் வந்து கலந்தது. அவ்வாய்வை எழுதிய நால்வருள் ஒருவர் யோகன் பிராக்ஸ்தான். தம்மைப் புகழுக்கு உயர்த்திய முடிவைத் தாமே திரும்பப் பெற உடன்பட்டார். பின்னர் 2012இல், துளையிடும் எந்திரத்தின் எண்ணெய் கூடக் கல்லில் படாதபடி மிகுந்த தூய்மையோடு புதிய மாதிரிகள் எடுக்கப்பட்டன. வெவ்வேறு ஆய்வுக்கூடங்களில் தனித்தனியே சோதிக்கப்பட்டன. கல்லுக்கே உரிய ஸ்டெரேன் எதுவும் அவற்றில் இல்லை என்று 2015இல் கேதரின் ஃபிரெஞ்சும் துணைவர்களும் அறிவித்தனர்.

இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) ‘இல்லத்’ என்பதை, வெளிப்பார்வைக்குக் குறையற்றதாகத் தோன்றும் அறிவிப்பின் நம்பகத்தைக் கெடுக்கும் மறைவான காரணம் என்று வரையறுக்கிறார். அதைக் கண்டறிய அறிஞர் கையாண்ட வழி, எல்லா அறிவிப்புத் தொடர்களையும் ஒன்றுசேர்த்து ஒப்பிடுவது. பில்பராவில் செய்யப்பட்டதும் தன்மையால் அதுவே: ஒரே மாதிரி, பல கைகள், பல ஆய்வுக்கூடங்கள், கல்லே இல்லாத வெற்றுச் சோதனையும் உடன். மனிதரின் நாணயத்தை ஆராயும் கலையும் கல்லின் வேதிப்பொருளை ஆராயும் கலையும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. கல்லுக்கு நினைவும் இல்லை, மறதியும் இல்லை, தக்வாவும் இல்லை. ஆனால், செய்தி அழகாயிருக்கிறது என்பதற்காக அதன் வழியை ஆராயாமல் விடக்கூடாது என்னும் ஒழுக்கம் இரண்டிற்கும் பொது.

பிராக்ஸின் செயலைப் படித்தபோது, ஈராக்கில் சொன்ன பல கருத்துகளை எகிப்துக்குச் சென்றபின் மாற்றிக்கொண்ட இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் நினைவுக்கு வந்தார்கள். கவ்லுல் கதீம், கவ்லுல் ஜதீத் என்று அவர்களின் பழைய கருத்தையும் புதிய கருத்தையும் நம் மத்ரஸாக்களில் பிள்ளைகள் ஓதுகிறார்கள். முன்னதைக் கைவிட்டது அவர்களுக்கு இழுக்காகக் கருதப்பட்டதே இல்லை. அந்த மரபில் வந்த நானோ, என் பழைய உரையைத் திருத்த ஓர் மாணவர் வந்து சொல்லும்வரை காத்திருந்தேன். அடுத்த வாரமே வகுப்பில் அதைத் திருத்திச் சொன்னேன். சிம்மக்கல் கூட்டத்தில் கைதட்டியவர்களை மீண்டும் ஒன்றுகூட்ட எனக்கு வழி இல்லை. இக்கட்டுரை அக்கடனின் ஒரு பகுதி.

புதிய கண்டுபிடிப்பொன்று செய்தித்தாளில் வந்த மறுநாளே அதை மேடையில் ஏற்றி, நம் நூல்களுக்குச் சான்றாக நிறுத்தும் பழக்கம் நம்மிடையே வளர்ந்துள்ளது. அந்த முடிவு பத்தாண்டில் மாறும்போது, அதைச் சாய்மானமாகக் கொண்டு பேசியவர் எதன்மேல் நிற்பார்? நம் நூல்களுக்கு அச்சாய்மானம் தேவையுமில்லை. அறிவியலாளர் தம் முடிவைத் தாமே மாற்றுவது அத்துறையின் உயிர்ப்பு. நாம் அதை அவசரப்பட்டு உறைய வைப்பது அதற்கும் அநீதி, நமக்கும் அநீதி.

நிலைத்த சாட்சி

சோதனைகளைத் தாங்கி நின்ற சாட்சியமும் உண்டு. மொரிட்டானியா நாட்டின் வடக்கே, சஹாராவின் தாவுதேனிப் படுகையில், பெட்ரோலிய நிறுவனம் ஒன்று துளையிட்டு எடுத்த கருங்களிப்பாறையில், 110 கோடி ஆண்டுப் பழமையான போர்ஃபிரின்கள் இருப்பதை நூர் குனெலியும் துணைவர்களும் 2018இல் அறிவித்தனர். தூளாக்கிய கல்லிலிருந்து கரைத்தெடுத்த திரவம் இளஞ்சிவப்பாக ஒளிர்ந்தது. நாளதுவரை கண்டறியப்பட்ட உயிர் நிறப்பொருள்களில் அதுவே மூத்தது என்று அறிவிக்கப்பட்டது. அக்கடலில் நீலப்பச்சை நுண்ணுயிர்களே ஆட்சி செய்தன, உருவில் பெரிய பாசிகள் அருகியே இருந்தன, ஆகவே பெரிய உயிர்களுக்குப் போதிய உணவு அங்கு இல்லை என்பதும் அதனால் புலனாயிற்று. பில்பராவில் கற்ற பாடத்திற்குப் பின் நடந்த ஆய்வு இது. அதில் பங்கேற்றவர்களுள் பிராக்ஸும் ஒருவர். அப்படுகையின் விளிம்பில்தான் ஏட்டுச்சுவடி நூலகங்களால் புகழ்பெற்ற ஷின்கீத் நகரம் அமைந்துள்ளது. மேலே மணலிடமிருந்து அரபுச் சுவடிகளைக் காக்கும் குடும்பங்கள், கீழே அவர்களும் அறியாத ஒரு பழஞ்சுவடி.

மதுரைக்குத் திரும்புவோம். சிம்மக்கல், யானைக்கல் என்று கல்லின் பெயரால் வழங்கும் இரு இடங்கள் வைகையின் தென்கரையில் அருகருகே உள்ளன. அங்கிருந்து வடகிழக்கே யானைமலை. இந்நிலத்துப் பாறைகளில் வேதிப் புதைபடிவம் தேடுவது வீண். உமானின் கடலடியில் கொழுப்புச் சட்டகங்கள் சேற்றில் அமைதியாகப் படிந்த அதே ஐம்பத்தைந்து கோடி ஆண்டுகளை ஒட்டிய காலத்தில், இம்மதுரை நிலத்தின் பாறைகள் பூமியின் ஆழத்தில் 900 பாகை செல்சியசை எட்டும் வெப்பத்தில் வெந்துகொண்டிருந்தன. எண்ணெயே 150 பாகைக்கு மேல் தாக்குப்பிடிப்பது அரிது. அந்த உலையில் எந்த மூலக்கூறு பிழைக்கும்? பக்கத்துச் சிவகங்கையில் வெட்டியெடுக்கப்படும் கிராஃபைட் தூய கரிமம்தான். ஆனால் தன் மூதாதையர் யாரென்று சொல்ல வல்ல சட்டகம் எதுவும் அதில் எஞ்சவில்லை.

அந்தக் கல் பொய் சொல்லவில்லை, தனக்குத் தெரியாதது குறித்து மௌனமாயிருக்கிறது. ‘லா அத்ரீ’, எனக்குத் தெரியாது என்று சொல்வது அறிவின் பாதி என்று நம் ஆசான்கள் கற்பித்தார்கள். சிவகங்கைக் கல்லிடம் நான் கற்றது அந்தப் பாதி. பில்பராவின் கல்லிடமும், தம் முடிவைத் திரும்பப் பெற்ற அவ்வாய்வாளரிடமும் கற்றது, சொன்னதைத் திருத்திக்கொள்ளும் மறுபாதி.